உப்பில் கலையாத புரத மைசெல்: லைசோசைமை வைத்து ஒரு செய்முறை

லைசோசைம் போன்ற சிறிய புரதத்தை ஊசி வழியே ரத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகம் அதை விரைவில் வடிகட்டி வெளியேற்றிவிடும். எஞ்சியதைப் புரோட்டியேஸ் நொதிகள் வெட்டும். அதனால் புரதத்தை ஒரு பாலிமர் உறைக்குள் பொதிந்து அனுப்பும் முயற்சி பல காலமாக நடக்கிறது. பொதிவதற்குச் சூடு, கரிமக் கரைப்பான், அதிவேகக் கலக்கல் என்று எதைப் பயன்படுத்தினாலும் புரதத்தின் மடிப்பு குலைந்துபோகும் ஆபத்து உண்டு. தண்ணீரிலேயே, அறை வெப்பநிலையிலேயே, மின்னேற்றக் கவர்ச்சியை மட்டும் நம்பி உறை தானாகக் கூடிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பாலிஅயனிக் கூட்டு மைசெல் என்பது அதுதான்; மைசெல் என்றால் மூலக்கூறுகள் தாமாகத் திரண்டு உருவாகும் நானோ உருண்டை.

இதற்கான பாலிமரில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று மின்னேற்றமில்லாத பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். மற்றொன்று மின்னேற்றமுள்ள அமினோ அமிலச் சங்கிலி. எதிர்க்குறி மின்னேற்றமுள்ள புரதத்தோடு இதைக் கலந்தால், மின்னேற்றத் துண்டும் புரதமும் சேர்ந்து நடுவில் கருவாகும். பெக் வெளியே மயிரிழை போல நின்று, கரு மேலும் வளர்ந்து வீழ்படிவாகிவிடாமல் தடுக்கும். ஜப்பானில் அட்சுஷி ஹரதாவும் கசுனோரி கட்டோகாவும் 1995-இல் இவ்வகை மைசெல்லை முதலில் இரண்டு பாலிமர்களுக்கிடையே காட்டினார்கள். 1998-இல் ஒரு பக்கத்துப் பாலிமரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முட்டை வெள்ளைக்கரு லைசோசைமை வைத்தார்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல அமைப்பு இல்லை: புரதம் மலிவு, அளவிட எளிது, மைசெல்லும் ஒரு மதியத்தில் கூடிவிடும்.

கூடுவதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். 10 மில்லிமோலார் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) அழகாக நிற்கும் மைசெல், ரத்தத்தின் உப்புச் செறிவான 150 மில்லிமோலாரில் கலைந்துபோகும். ஆகவே இந்தச் செய்முறையில் உப்புச் சோதனை கடைசியில் வருவதில்லை. மைசெல் கூடிய அன்றே வருகிறது.

தேவையானவை

பெக் 12,000, அஸ்பார்டிக் அமில அலகு 15 உள்ள பெக்-பாலிஅஸ்பார்டிக் அமிலம், சோடியம் உப்பு வடிவில். கிடைக்காவிட்டால் பெக்-பாலிகுளுட்டமிக் அமிலத்தை எடுக்கலாம். கணக்கை மட்டும் மாற்ற வேண்டும். பெக் துண்டு மின்னேற்றத் துண்டைவிடக் கணிசமாக நீளமாக இருக்கட்டும். பெக் 2,000-த்தோடு 50 அலகுச் சங்கிலி என்றால் மைசெல்லுக்குப் பதில் பால்போன்ற கலங்கல்தான் வரும்.

பாலிமரை உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் புட்டியைத் திறக்க வேண்டாம். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறக்கவும். குளிர்ந்த புட்டிக்குள் ஈரம் இறங்கினால் நிறுக்கும் எடையில் ஒரு பங்கு தண்ணீராகிவிடும், மின்னேற்ற விகிதம் முழுதும் பிசகும். விற்பவரின் சான்றிதழில் அது அமில வடிவா, சோடியம் உப்பா என்பதையும் பார்க்கவும். ஒரு அஸ்பார்டிக் அலகு அமிலமாக இருந்தால் 115, சோடியம் உப்பாக இருந்தால் 137.

லைசோசைம் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்தது, மூலக்கூறு எடை 14,300. பொடியில் உப்பும் ஈரமும் இருக்கும் என்பதால் நிறுத்த எடையை நம்பக்கூடாது. கரைத்து, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, 1 மி.கி./மி.லி. கரைசலுக்கு 2.64 என்ற மதிப்பை வைத்துச் செறிவைக் கணக்கிடவும்.

பஃபர்: 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7.4. ஒரு லிட்டருக்கு நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.10 கிராம், மோனோசோடியம் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 0.31 கிராம். பிஎச் சற்று விலகியிருந்தால் இந்த இரண்டு உப்பில் ஒன்றைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்யவும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் மாறி மாறி ஊற்றினால் கேட்காமலே சாதாரண உப்பு சேர்ந்துவிடும். இங்கே அதுதான் எதிரி. இந்த பஃபரின் அயனி வலிமையே சுமார் 25 மில்லிமோலார். பழக்கத்தில் பிபிஎஸ் (சாதாரண உப்புக் கலந்த பாஸ்பேட் பஃபர்) புட்டியைக் கைநீட்டி எடுத்துவிட்டால் அன்றைக்கு மைசெல் இல்லை.

குழாய்கள் பாலிப்ரொப்பிலீனில், புரதம் ஒட்டாத வகையாக இருக்கட்டும். லைசோசைம் நேர்மின்னேற்றம் உள்ளது. கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிக்கும் இதே விதி: நைட்ரோசெல்லுலோஸ் கூடாது, 0.22 மைக்ரோமீட்டர் பாலிஈதர்சல்ஃபோன் போதும். வடிகட்டிய பின்னரே செறிவை அளக்கவும்.

மின்னேற்றக் கணக்கு

லைசோசைமில் 6 லைசின், 11 ஆர்ஜினின், சங்கிலி முனையில் ஓர் அமீன். ஆக 18 நேர்மின்னேற்றம். கூடவே எதிர்மின்னேற்றக் குழுக்களும் இருப்பதால் பிஎச் 7.4-இல் நிகர மின்னேற்றம் சுமார் +8 மட்டுமே. எதை வைத்துக் கணக்கிடுவது? 18-ஐ வைத்து விகிதத்தை வரையறுத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் பாலிமர் சங்கிலி ஒவ்வொரு நேர்க்குழுவையும் தனித்தனியே பிடிக்கிறது. எதை எடுத்தாலும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வேறொருவர் நிகர மின்னேற்றத்தில் கணக்கிட்ட விகிதத்தோடு உங்களுடையதை ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு தெரியும்.

பாலிமரின் மூலக்கூறு எடை 12,000-த்தோடு 15 × 137, அதாவது சுமார் 14,055. 0.5 மி.கி. லைசோசைமில் 35 நானோமோல் புரதம், 630 நானோமோல் நேர்மின்னேற்றம். அதைச் சமன்செய்ய 42 நானோமோல் பாலிமர், அதாவது 0.59 மி.கி. இதுவே விகிதம் 1.

கலத்தல்

லைசோசைமை 2 மி.கி./மி.லி. செறிவிலும் பாலிமரை 4 மி.கி./மி.லி. செறிவிலும் பஃபரில் கரைத்து வடிகட்டவும். கீழே உள்ள ஏழு குழாய்களுக்கும் சேர்த்து பாலிமர் 1.1 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவாகவே செலவாகும். சோதனைக்கும் மறுமுறைக்கும் சேர்த்து 1.5 மி.லி. தயாரித்துக்கொள்ளலாம்.

விகிதம் 0.25, 0.5, 0.75, 1, 1.25, 1.5, 2 என ஏழு குழாய்கள். அவற்றில் முறையே 37, 74, 111, 148, 184, 221, 295 மைக்ரோலிட்டர் பாலிமர் கரைசலை இடவும். ஒவ்வொன்றையும் பஃபரால் 750 மைக்ரோலிட்டருக்கு நிரப்பவும். பிறகு 250 மைக்ரோலிட்டர் லைசோசைமை ஒரே அழுத்தில் உள்ளே செலுத்தி, உடனே பிப்பெட்டால் ஐந்தாறு முறை மேலும் கீழும் இழுத்துக் கலக்கவும். நுரை எழக்கூடாது, காற்றுக்குமிழின் பரப்பில் புரதம் விரிந்துவிடும்.

வரிசையை மாற்றி, புரதக் கரைசலில் பாலிமரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் என்ன? தொடக்கத்தில் புரதம் மிதமிஞ்சியிருக்கும் நிலையில் ஒழுங்கற்ற திரள்கள் உருவாகி, சில பின்னர் கரையாமலே நின்றுவிடும். குறைந்த செறிவில் காத்திருந்தால் அவை மறுசீரமையலாம். ஆனால் 5 மி.கி./மி.லி.க்கு மேல் போகும்போது கலக்கும் வேகம்தான் அளவுப் பரவலை முடிவுசெய்கிறது.

கூடவே மூன்று கட்டுப்பாட்டுக் குழாய்கள் வேண்டும்: லைசோசைம் மட்டும், பாலிமர் மட்டும், மின்னேற்றத் துண்டு இல்லாத வெறும் பெக்கோடு லைசோசைம். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதில் ஒளிச்சிதறல் ஏறினால் பிரச்சினை மின்னேற்றத்தில் இல்லை, தூசியில் அல்லது புரதத் திரளில் இருக்கிறது. குழாய்களை அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் விட்டு அளக்கவும். மறுநாள் திரும்பவும் அளந்து, அளவு நகரவில்லை என்று உறுதிசெய்யவும்.

அளவிடுதல்

முதலில் கண். நல்ல மைசெல் கரைசல் தெளிவாகவோ, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய நீலச் சாயலோடோ இருக்கும். வெண்மையாகக் கலங்கினால் மைசெல்லைத் தாண்டிப் பெரிய துளிகள் உருவாகிவிட்டன. காரணம் பெரும்பாலும் பாலிமரில்: பெக் இணையாத வெறும் பாலிஅஸ்பார்டிக் அமிலம் கலந்திருக்கும். அது லைசோசைமோடு சேர்ந்து உறையில்லாத திரளாகும். எதிர்ப்பக்கக் கலப்படம், அதாவது அமினோ அமிலச் சங்கிலி வளராத வெறும் பெக், கலங்கலைத் தராது. பாலிமரின் மின்னேற்றத்தைக் கணக்கில் காட்டியதைவிடக் குறைத்துவிடும். விகிதம் 1-இல் வர வேண்டிய உச்சம் 1.3-க்கு நகர்ந்திருந்தால் இதைச் சந்தேகிக்கவும்.

அடுத்து, சிதறும் ஒளியை வைத்துத் துகளின் விட்டத்தைக் காட்டும் டைனமிக் ஒளிச்சிதறல், 25 டிகிரி செல்சியசில். லைசோசைம் தனியாக 4 நானோமீட்டருக்கு அருகே தெரியும். மைசெல் 40 முதல் 60 நானோமீட்டர் விட்டத்தில் ஒரே உச்சமாக, பரவல் குறியீடு 0.15-க்குக் கீழே வந்தால் திருப்தி. சராசரி விட்டத்தோடு சிதறல் எண்ணிக்கையையும் விகிதத்துக்கு எதிராக வரையவும். எண்ணிக்கை ஏறி எங்கே தட்டையாகிறதோ அல்லது உச்சமடைகிறதோ அந்த விகிதத்தையே மேற்கொண்டு பயன்படுத்துங்கள். கருவி ஒளித்தணிப்பானைத் தானாக மாற்றியிருந்தால் எண்ணிக்கைகளை அப்படியே ஒப்பிட முடியாது. தணிப்பானைப் பூட்டிவைக்கவும்.

ஒளிச்சிதறல் மறைப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி அதன் நிறையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பாதி லைசோசைம் மைசெல்லுக்கு வெளியே மிதந்தாலும் திரையில் மைசெல் உச்சம் மட்டுமே தெரியும். 'எத்தனை சதவீதம் உள்ளே போனது' என்ற கேள்விக்கு ஒளிச்சிதறலில் பதில் கிடையாது. 100 கிலோடால்டன் மையவிலக்கு வடிகட்டியில் மைசெல் கரைசலைச் சுழற்றி, கீழே இறங்கிய திரவத்தில் புரதத்தை அளக்கவும். அதே வடிகட்டியில் வெறும் லைசோசைமையும் ஓட்டிப் பார்க்கவும். சவ்வு எவ்வளவைப் பிடித்துக்கொள்கிறது என்று தெரியாமல் '98 சதவீதம் அடைந்தது' என்று எழுதுவது தவறு. அந்த 98-இல் ஒரு பங்கு சவ்வில் ஒட்டியிருக்கலாம்.

உப்புச் சோதனை

தேர்ந்தெடுத்த விகிதத்தில் 1 மி.லி. மைசெல்லை எடுத்து, அதே பஃபரில் கரைத்த 3 மோலார் சோடியம் குளோரைடைச் சேர்க்கவும்: 25 மில்லிமோலாருக்கு 8.4, 50-க்கு 17, 100-க்கு 34.5, 150-க்கு 53 மைக்ரோலிட்டர். ஒவ்வொன்றும் தனிக்குழாயில். செறிந்த உப்பைப் பயன்படுத்துவதால் கரைசல் 5 சதவீதம்தான் நீர்த்துப்போகும். சிதறல் குறைந்தால் அது நீர்த்ததாலா கலைந்ததாலா என்ற குழப்பம் வராது. பத்து நிமிடத்திலும் மறுநாளும் அளக்கவும்.

குறுக்குப் பிணைப்பு இல்லாத லைசோசைம் மைசெல் 150-ஐ எட்டும்போது கலைந்திருக்கும். நீங்கள் தவறு செய்ததாக எண்ண வேண்டாம். உப்பு அயனிகள் கவர்ச்சியை மறைத்துவிடுகின்றன. 18 குழுக்களும் +8 நிகரமும் உள்ள ஒரு சின்னப் புரதத்தால் அதை எதிர்த்து நிற்க முடியாது. கட்டோகா குழுவே 1999-இல் இந்தக் கலைதலை நொதியின் வேலையை நிறுத்தவும் தொடங்கவும் உதவும் சுவிட்சாகப் பயன்படுத்திக் காட்டியது. மருந்துக்கு அது போதாது. கூடவே பத்து மடங்கு நீர்த்தும் பார்க்கவும். ரத்தத்தில் உப்பும் நீர்ப்பும் ஒன்றாகவே வரும்.

நிலைப்படுத்த மூன்று வழிகள் பழக்கத்தில் உண்டு. அஸ்பார்டிக் சங்கிலியின் கடைசி முனையில் ஃபீனைல், நாஃப்தைல், பைரினைல் போன்ற நீர்வெறுக்கும் குழுவை ஒட்டுவது ஒன்று. இது லைசோசைமுக்கு வேலை செய்கிறது, ஆனால் பாலிமரை நீங்களே தயாரிக்க வேண்டியிருக்கும். மற்ற இரண்டும் கையிருப்பில் உள்ள பொருளை வைத்தே செய்யக்கூடியவை.

குளுட்டரால்டிஹைடு பிணைப்பு

குளுட்டரால்டிஹைடு அமீன்களை ஒன்றோடொன்று பிணைக்கும். பாலிமரின் பக்கச்சங்கிலிகளில் அமீன் இல்லாததால் பிணைப்பு பெரும்பாலும் கருவுக்குள் புரதத்துக்கும் புரதத்துக்கும் இடையே நடக்கிறது. பெக் உறை ஒரு மைசெல்லை மற்றொன்றிலிருந்து தள்ளி வைக்கிறது. அதனால் மைசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைவு.

25 சதவீதக் கரைசல் ஏறக்குறைய 2.65 மோலார். அதை 50 மடங்கு நீர்த்து, 1 மி.லி. மைசெல்லுக்கு 10, 20, 50, 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் இறுதிச் செறிவு ஏறக்குறைய 0.5, 1, 2.5, 5 மில்லிமோலார். 4 டிகிரியில் இரவு முழுக்க விடவும். மறுநாள் இறுதிச் செறிவு 20 மில்லிமோலார் ஆகும்படி கிளைசின் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து, பஃபரில் டயலிசிஸ் செய்யவும். நச்சு வாயுவை வெளியே இழுக்கும் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹுட்), கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது.

மூன்று இடங்களில் சறுக்கும். டிரிஸ் பஃபரில் செய்தால் டிரிஸின் அமீனே குளுட்டரால்டிஹைடைத் தின்றுவிடும். பழைய புட்டி பாலிமராகிப் போயிருக்கும்: 280 நானோமீட்டரில் மட்டும் உச்சம் இருந்தால் நல்லது, 235-இல் பெரிய உச்சம் இருந்தால் புதிய ஆம்பூலைத் திறக்கவும். சோடியம் போரோஹைட்ரைடால் பிணைப்பை நிரந்தரமாக்கலாம், ஆனால் லைசோசைமில் 4 டைசல்பைடு பிணைப்புகள் இருக்கின்றன. போரோஹைட்ரைடு அவற்றையும் தொடக்கூடும். தேவைப்பட்டால் சயனோபோரோஹைட்ரைடே மேல்.

பிணைப்பு முடிந்ததும் உப்புச் சோதனையைத் திரும்பச் செய்து, 150 மில்லிமோலார் உப்பிலேயே 100 கிலோடால்டன் வடிகட்டியில் கழுவவும். கீழே இறங்கும் புரதமே பிணையாமல் விட்டது. சிதறல் நிலைத்து நிற்கும் மிகக் குறைந்த குளுட்டரால்டிஹைடு அளவைத் தேர்ந்தெடுக்கவும். அதற்குமேல் ஏற்றினால் நொதியின் வேலைதான் குறையும்.

இந்தப் பிணைப்பு அவிழாது. உள்ளேயே இருந்து வேலை செய்ய வேண்டிய நொதிக்கு இது பொருந்தும்; டிரிப்சினை வைத்து இப்படிச் செய்த மைசெல் 2004-இல் வெளியானது. உறையை விட்டு வெளியே வந்தால்தான் வேலை செய்யும் ஹார்மோனுக்கோ ஆன்டிபாடிக்கோ இது வீண்.

செயல்பாட்டை அளப்பதில் ஒரு கண்ணி

லைசோசைமின் செயல்பாட்டை வழக்கமாக மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் செல்களாலான கலங்கல் தெளிவதை 450 நானோமீட்டரில் பார்த்து அளப்போம். அந்தச் செல்லோ மைசெல்லைவிடப் பல மடங்கு பெரியது. பெக் உறையைத் தாண்டிக் கருவுக்குள் போகாது. ஆகவே மைசெல்லில் செயல்பாடு பூஜ்யம் என்று வந்தால் நொதி செத்துவிட்டதாக முடிவுகட்டக்கூடாது, மறைந்திருக்கிறது என்றே முதலில் கொள்ளவும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பிணைக்காத மைசெல்லில் உப்பை ஏற்றிக் கலைத்து அளக்கவும், அல்லது உறைக்குள் நுழையக்கூடிய சின்ன கைட்டோ-ஒலிகோசாக்கரைடை நொதி வெட்டும் பொருளாகப் பயன்படுத்தவும். பிணைத்த மைசெல்லுக்குப் பின்னதுதான் வழி.

இன்னொன்று: அந்தச் சோதனையின் வழக்கமான பஃபர் 66 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 6.24. அதன் அயனி வலிமையே மைசெல்லை ஓரளவு கலைத்துவிடும். 10 மில்லிமோலார் பஃபரில் அளப்பதானால், செல் கரையும் வேகமும் உப்பைப் பொறுத்து மாறும் என்பதால், ஒவ்வொரு உப்புச் செறிவிலும் வெறும் லைசோசைமை ஒப்பீட்டுக்கு ஓட்டியாக வேண்டும்.

மின்னேற்றத்தையே திருப்புவது

வெளியே வர வேண்டிய புரதத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது வழியை. கட்டோகா குழு 2009-இல் சைட்டோக்ரோம் சி-யை வைத்து இதைக் காட்டியது. புரதத்தின் லைசின்களைச் சிட்ரகோனிக் அல்லது சிஸ்-அகோனிடிக் அன்ஹைட்ரைடால் மூடினால் ஒவ்வொன்றும் +1-இலிருந்து சிட்ரகோனிக்கில் -1-க்கும், சிஸ்-அகோனிடிக்கில் -2-க்கும் மாறும். குதிரை இதய சைட்டோக்ரோம் சி-யில் 19 லைசின்; எல்லாவற்றையும் சிட்ரகோனிக்கால் மூடினால் நிகர மின்னேற்றம் 38 அலகு நகரும். இவ்வளவு எதிர்மின்னேற்றம் ஏறிய புரதம், நேர்மின்னேற்றப் பாலிமரோடு உப்பையும் மீறிப் பிடித்துக்கொள்ளும். செல் விழுங்கியதை உள்ளே வைத்திருக்கும் பையான எண்டோசோமின் பிஎச் 5.5-க்கு இறங்கும்போது மூடி கழன்று, லைசின்கள் மீண்டும் நேர்மின்னேற்றம் பெற்று, மைசெல் உள்ளிருந்தே கலையும்.

10 மி.கி. சைட்டோக்ரோம் சி-யை 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட்டில், 5 மி.கி./மி.லி. செறிவில் கரைத்துப் பனிக்கட்டியில் வைக்கவும். அதில் சுமார் 15.4 மைக்ரோமோல் லைசின் இருக்கிறது. பத்து மடங்கு சிட்ரகோனிக் அன்ஹைட்ரைடு என்றால் 17 மி.கி., ஏறக்குறைய 14 மைக்ரோலிட்டர். நான்கு பங்காகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் சேர்க்கவும். ஒவ்வொரு முறையும் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8.5-க்கும் 9-க்கும் இடையே நிறுத்தவும். மொத்தமாகக் கொட்டினால் பிஎச் சரிந்து, போட்ட மூடியே கழலும். இரண்டு மணி நேரத்துக்குப் பின், பிஎச் 8-க்கு மேலுள்ள பஃபரில் டீசால்ட்டிங் காலமில் (உப்பு நீக்கும் நிரலில்) ஓட்டவும். புரதம் சிவப்பாக இருப்பதால் எங்கே இறங்குகிறது என்று கண்ணாலேயே தெரியும். மிஞ்சிய அமீனை, அமீனோடு சேர்ந்தால் ஒளிரும் ஃப்ளூரெஸ்கமின் கொண்டு அளக்கவும். போதுமான அளவு மூடவில்லை என்றால் அன்ஹைட்ரைடு ஈரம் பட்டு அமிலமாகியிருக்கும். புதிய புட்டியில் திரும்பச் செய்யவும்.

இதற்கான பாலிமர் பெக்-பாலிலைசின், அல்லது பக்கச்சங்கிலியில் டைஎத்திலீன்ட்ரைஅமின் உள்ள பெக்-பாலிஅஸ்பார்டமைடு. பின்னது எண்டோசோம் சுவரைக் குலைப்பதில் கெட்டிக்காரப் பாலிமர், செல்லுக்கு நச்சும் குறைவு. விகிதத் தேடல் முன்போலவே. எதிர்மின்னேற்றத்தை மூடிய லைசின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடவும். பிறகு 150 மில்லிமோலார் உப்பில் இரண்டு குழாய்கள்: ஒன்று பிஎச் 7.4, மற்றொன்று 5.5, இரண்டும் 37 டிகிரியில். முதலாவது நின்று, இரண்டாவது சில மணி நேரத்தில் கலைந்தால் அமைப்பு சரி. சிட்ரகோனில் மூடி 7.4-இலும் மெல்ல மெல்லக் கழலும் என்பதால் 24 மணி நேர அளவீட்டைத் தவிர்க்கக்கூடாது.

சேமிப்பு

எந்த மைசெல்லையும் 4 டிகிரியில் வைப்பதே நல்லது. சோடியம் பாஸ்பேட் பஃபரை உறையவிட்டால் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி, மிஞ்சிய திரவத்தின் பிஎச் வெகுவாக இறங்கும், உப்பும் அதில் செறியும். பிணைக்காத மைசெல்லும் மூடிபோட்ட புரதமும் அப்போதே போய்விடும். உறையவைத்தே ஆக வேண்டுமென்றால் பிணைத்த மைசெல்லை மட்டும், ஹிஸ்டிடின் பஃபருக்கு மாற்றி, 5 சதவீதம் டிரெஹலோஸ் சர்க்கரை சேர்த்து உறையவைக்கவும். உருகிய பின் ஒளிச்சிதறலில் 200 நானோமீட்டருக்கு மேல் ஒரு சின்ன உச்சம் முளைத்தாலும் அந்தக் குழாயை விலங்குச் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.